வெள்ளைப் பிரிவில் ஆறு கூண்டு

“அடுத்ததா வெள்ளைப் பிரிவு. பாக்க வர்றது நம்ம சவுந்தரபாண்டி அண்ணன்” என்று கண்காட்சி நடத்துகிற லியாகத் மைக்கில் சொன்னதும் நான் பக்கத்து மாமரத்துக்குப் பின்னால் நகர்ந்தேன். சவுந்தரபாண்டி நான்தான். அந்தப் பேரில் வேறு யாராவது இந்த மாந்தோப்புக்குள் இருந்தால் தேவலையே என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்தேன், அவ்வளவு பயம். கீரி நிறச் சேவல் பார்க்கிறேன், காக நிறம் பார்க்கிறேன், மயில் நிறம் கூடப் பார்க்கிறேன், வெள்ளையை மட்டும் கதிரேசன் வாத்தியாரிடம் விட்டுவிடு என்று பத்து நாளைக்கு முன்பே இவனிடம் போனில் சொன்னேன். சரிண்ணே சரிண்ணே என்று தலையாட்டினான். போனில் தலையாட்டியது எனக்கு எப்படித் தெரியும், ஆனால் ஆட்டியிருப்பான், கண்காட்சி நடத்துகிறவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். இப்போது வாத்தியார் வரவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாராம். நூற்றெண்பது சேவல் வந்து இறங்கியிருக்கிற ஞாயிற்றுக்கிழமையில்தானா ஒரு மாமியார் படுக்க வேண்டும். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும், நான் கெட்டவன் இல்லை, ஆனால் நாளைக்குப் படுத்திருக்கலாம். இவை கிளிமூக்கு விசிறிவால் சேவல்கள். சண்டைக்கு விடுகிறவை இல்லை, அழகுக்கு வளர்க்கிறவை. மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் வளைந்து தடித்திருக்க வேண்டும், வால் நீண்டு விசிறியாக விழ வேண்டும், முழி வெளுத்திருக்க வேண்டும், நிறம் எந்தப் பிரிவோ அந்தப் பிரிவுக்குக் கலப்பில்லாமல் இருக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இவற்றுக்கு மதிப்பெண் போடுகிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் பிழைப்பு, சேவல் பார்ப்பதுதான் என் பேர். செம்பட்டியிலிருந்து பழனி வரைக்கும் சேவல் வைத்திருக்கிறவன் எவனும் என்னைக் கேட்காமல் ஜோடி சேர்க்க மாட்டான். அந்த என்னால் இந்த ஆறு சேவல்களின் நிறத்தைச் சொல்ல முடியாது. எனக்குக் கண்ணில் புரை. இது என் பெண்டாட்டிக்கும் எனக்கும் கண் முகாமில் என்னைச் சோதித்த ஒரு பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும்.

நடக்கிறேன். கீரி வரிசையிலிருந்து வெள்ளை வரிசைக்கு முப்பது தப்படி இருக்கும், அதை அறுபது ஆக்கலாமா என்று பார்க்கிறேன். வழியில் ஒருவன் வணக்கம் வைக்கிறான், வைக்கட்டும், நானும் வைக்கிறேன், நின்று அவன் மகள் எந்த வகுப்பு என்று கேட்கிறேன், அவனுக்கு மகளே இல்லையாம். மேலே பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். வலை மஞ்சளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், வெளிச்சம் சரியில்லை லியாகத்து, இந்த வெளிச்சத்தில் வெள்ளை பார்க்கக் கூடாது என்று மிரட்டலாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். வெயிலுக்குக் கொண்டுவா என்றும் சொல்ல முடியாது. வெயிலில் இன்னும் மோசம், எல்லாம் கூசிக் கலங்கி ஒன்றாகிவிடுகிறது. தை மாசம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். வயசானால் வருகிற சாளேசுரத்துக்குக் கண்ணாடி எழுதித் தருவார்கள் என்றுதான் போனேன். டார்ச் அடித்துப் பார்த்த பெண் ரொம்ப சாதாரணமாக, “ரெண்டு கண்ணுலயும் பொர விழுந்திருக்குங்கய்யா, வெள்ளையெல்லாம் மஞ்சளாத் தெரியுமே, எத்தன நாளா?” என்று கேட்டது. நான் இரண்டு மாசம் என்றேன். பொய்யும் இல்லை, எனக்குத் தெரியாது, அதுவரைக்கும் நான் மஞ்சளைப் பார்ப்பதாகவே எனக்குத் தெரியாது. அந்தப் பெண் சிரித்தது. “இது ரெண்டு மாசத்துல வர்ற பொர இல்லங்கய்யா. ரெண்டு வருசமாச்சும் இருக்கும்.” அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு வருஷத்தை விரல் விட்டுப் பின்னாலிருந்து எண்ணினேன். ஐந்து கண்காட்சி. ஐந்திலும் வெள்ளைப் பிரிவு நான்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் மரகதம், “அதான பாத்தேன். வேட்டி மஞ்சளா இருக்கு, நீலம் போடலையான்னு போன தீவாளியில இருந்து என்னையப் போட்டுத் திட்டுனீகளே. பால் மாதிரி வெளுத்து வச்சா மஞ்சளாம்” என்று ஆரம்பித்தாள். இவள் ஏன் அப்போதே எதிர்த்துச் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டதற்கு, “நீங்கதான் நிறம் பாக்குறதுல பெரிய ஆளாச்சே. எனக்குத்தான் வெளுக்கத் தெரியலையோன்னு நெனச்சேன்” என்றாள். அதிலிருந்து வேட்டியைப் பற்றி நான் பேசுவதில்லை.

முதல் கூண்டு. நிலக்கடலை வியாபாரி ஒருவருடைய சேவல், அவரே தூக்கி மேசையில் நிறுத்துகிறார். நான் குனிகிறேன். பழக்கம் என்பது நல்ல விஷயம், கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது. மூக்கைக் கட்டைவிரலால் தடவினால் வளைவு தெரிகிறது, கால் செதில் ஒழுங்கு தெரிகிறது, நெஞ்செலும்பு நேராக இருக்கிறது, வாலை உள்ளங்கையில் ஏந்தினால் எத்தனை இறகு, எங்கே ஒடிந்தது எல்லாம் தெரிகிறது. கம்பியைக் கையில் உருட்டியே எத்தனை கேஜ் என்று சொல்கிற விரல் இது. மதிப்பெண் தாளில் மூக்கு ஒன்பது, கால் எட்டு, வால் எட்டு என்று எழுதுகிறேன். நிறம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நிற்கிறது. நிறத்தை விரலால் தடவ முடியாது. வெள்ளைப் பிரிவில் நிறம்தான் பாதி மதிப்பெண். பாலாக இருக்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ மஞ்சள் ஓடக் கூடாது. ஓடினாலும் இரண்டு விதம் இருக்கிறது. வெயிலில் விட்டதாலும் மக்காச்சோளம் போட்டதாலும் ஏறுகிற மஞ்சள் மேலோடு நிற்கும், இறகு உதிர்ந்து புதுசு முளைத்தால் போய்விடும், அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்தால் போதும். பிறவி மஞ்சள் அப்படியில்லை. இறகைப் பிரித்து அடித்தண்டைப் பார்த்தால் அங்கேயும் இருக்கும், குஞ்சுக்கும் இறங்கும். அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. ‘இனத்துக்கு ஆகாது’ என்று மைக்கில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அந்தச் சேவலை யாரும் ஜோடி சேர்க்க மாட்டார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிடுவார்கள். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். காதும் காதும் வைத்த மாதிரி சொன்னால் திருட்டுத்தனமாக ஜோடி போட்டுவிடுகிறார்கள், ஊரறியச் சொல்ல வேண்டும் என்று எங்கள் சேவல் சங்கத்தில் சண்டை போட்டு நிறைவேற்றினேன், கைகூடத் தட்டினார்கள். இப்போது இறகைப் பிரிக்கிறேன். தண்டும் மஞ்சள், இறகும் மஞ்சள், என் விரல் நகமும் மஞ்சள். நிலக்கடலைக்காரர் முகத்தைப் பார்க்கிறேன். நிம்மதியாக இருக்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் தலை அசைகிறது, ஒருவன் ‘நல்லாருக்குல்ல’ என்கிறான். எட்டு என்று எழுதுகிறேன். இப்படியே ஊரார் முகத்தைப் பார்த்து எழுதிவிடலாம், ஆறு சேவல்தானே, ஆறு முகம்தானே. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் எழுதினேன்.

இரண்டாவது கூண்டுக்குப் போகும்போதுதான் அவளைப் பார்த்தேன். ஆறாவது கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள் பிலோமினா. வருவாள் என்று தெரியும். வரக் கூடாது என்று இரண்டு மாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் வருவாள் என்று தெரியும். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மல்லி தரம் பிரிக்கிறவள். விடிவதற்கு முன்னால் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் மொட்டைக் கொட்டிவைத்து, இது முதல் தரம், இது நேற்றைய பூ, இது தண்ணீர் தெளித்து ஏமாற்றிய பூ என்று ஒதுக்குவது அவள் வேலை. கார்த்திகையில் வத்தலக்குண்டு கண்காட்சிக்கு ஒரு வெள்ளைச் சேவல் கொண்டுவந்திருந்தாள். ஒன்றே முக்கால் வருஷத்துச் சேவல், அப்படி ஒரு மூக்கை நான் பத்து வருஷத்தில் பார்த்ததில்லை, அது விரலுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெயிலே படவிடாமல் மாடிப்படிக்கு அடியில் வைத்து, கம்பும் கேழ்வரகும் மட்டும் போட்டு வளர்த்ததாகச் சொன்னாள். நான் கழுத்து இறகைப் பிரித்தேன். மஞ்சள். அடியில் பார்த்தேன். அங்கேயும் மஞ்சள். மற்றச் சேவல்களும் எனக்கு மஞ்சளாகத்தானே தெரிந்திருக்க வேண்டும், அதை மட்டும் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த இரண்டு மாசத்தில் நூறு தரம் யோசித்துவிட்டேன். மூக்கு அவ்வளவு நன்றாக இருந்ததால் நிறத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேனோ. உற்றுப் பார்த்தால் மஞ்சள் கூடும். அல்லது வேறு காரணமா. மேசையில் வைக்கும்போதே, “நீங்க வெள்ளைன்னு சொல்றத கேக்கத்தாண்ணே வந்தேன்” என்றாள் சிரித்துக்கொண்டு. எனக்கு அது பிடிக்கவில்லையோ. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே சொல்லித்தருகிறாளா என்று உள்ளே ஒரு சுருக் ஏற்பட்டதோ. ஏற்பட்டது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மைக்கை வாங்கி, ‘பிறவி மஞ்சள், இனத்துக்கு ஆகாது’ என்று சொன்னேன். அவள் நம்பாமல் பார்த்தாள். “அண்ணே, நான் தெனமும் மல்லி பாக்குறவ. எனக்கு வெள்ளை தெரியாதா?” என்றாள். நான் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, “பூ வேற, சேவல் வேறம்மா” என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாவது சேவலின் கழுத்தைப் பிடித்திருக்கிறேன், எவ்வளவு நேரமாகப் பிடித்திருக்கிறேன் என்று தெரியவில்லை, சொந்தக்காரன் ‘என்னண்ணே, ஏதும் குறையா?’ என்று கேட்கிறான். குறை சேவலில் இல்லையப்பா. “வால் ஒரு பக்கம் சாயுது” என்கிறேன், உண்மையிலேயே சாய்கிறது. நிறம் ஏழு. ஏன் ஏழு, முதலாவதற்கு எட்டு என்றால் இதற்கு ஏழு, எல்லாவற்றுக்கும் எட்டுப் போட்டால் சந்தேகம் வரும். சந்தேகம் வராமல் இருக்க மதிப்பெண் போடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். மாசி மாசத்தில் லியாகத் இந்தக் கண்காட்சிக்கு அழைக்கப் பட்டறைக்கு வந்திருந்தான். டீ குடித்துக்கொண்டே வேறு எதையோ பேசுகிறவன் மாதிரி, “அந்தப் பூக்காரக்கா இருக்குல்லண்ணே, பிலோமினா, அது வீட்டுல இருந்த வெள்ளை பூராத்தையும் அறுத்துருச்சாம். அந்தச் சேவல், அதோட தாய்க்கோழி, நாலு குஞ்சு. சவுந்தரபாண்டி அண்ணனே பெறவி மஞ்சள்னுட்டாரு, பெறகு எதுக்கு வச்சுக்கிட்டுன்னு சொல்லுச்சாம். எவ்வளவு மரியாத பாத்தீகளா உங்க மேல” என்றான். மரியாதை. டீ கிளாசைக் கீழே வைத்தேன். ஆறு உயிர். கோழி அறுப்பது எனக்குப் புதுசு இல்லை, நானே அறுத்திருக்கிறேன், வாரா வாரம் தின்கிறேன், அதற்காக அழுகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்த மூக்கு. மூன்று தலைமுறை பொறுக்கி எடுத்து அவள் கொண்டுவந்த மூக்கு. அவள் பாட்டுக்கு வளர்த்துக்கொண்டிருந்தாள், நான் ஒரு வாய் வார்த்தையில் வழித்துத் துடைத்துவிட்டேன். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நிலக்கோட்டை என்ன அமெரிக்காவிலா இருக்கிறது, பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஒரு நாள் ஏறியும் விட்டேன். மார்க்கெட் வாசல் வரைக்கும் போய், பூ வாசனை மூக்கில் அடித்ததும், ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மரகதம் அதிசயமாகப் பார்த்தாள். என்ன விசேஷம் என்று கேட்டாள்.

மூன்று. நான்கு. வேகமாகப் போகிறேன், வேகமாகப் போனால் தெளிவாக இருப்பதாகத் தெரியும். நான்காவதில் ஒரு யோசனை வந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துச் சேவலின் கழுத்தோரம் வைத்தேன். கைக்குட்டை வெள்ளை, அது உறுதி, மரகதம் நேற்றுத் துவைத்தது. இரண்டும் எனக்கு மஞ்சளாகத்தான் தெரியும், ஆனால் ஒரே மஞ்சளாகத் தெரிந்தால் சேவலும் வெள்ளை, சேவல் கூடுதல் மஞ்சளாகத் தெரிந்தால் அதில் உள்ள மஞ்சள் நிஜம். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று நெஞ்சு லேசானது. பார்த்தேன். ஒரே மாதிரிதான் இருந்தது. இல்லை, சேவல் கொஞ்சம் கூடுதல். இமைத்துவிட்டுப் பார்த்தால் கைக்குட்டை கூடுதல். அப்புறம்தான் கைக்குட்டைக்கு நீலம் போட்டிருப்பாள் என்பது ஞாபகம் வந்தது, நான் திட்டித் திட்டி இப்போது எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு நீலம் போடுகிறாள். அந்தக் கைக்குட்டையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். “வேர்க்குதா அண்ணே, மோர் சொல்லவா?” என்றான் லியாகத். வேண்டாம் என்றேன். மோரைப் பார்த்தாலும் மஞ்சளாக இருக்கும். அறுவை செய்துகொண்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று முகாமில் சொன்னார்கள். எனக்குக் கத்திக்குப் பயம் என்று மரகதம் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கத்திக்கு இல்லை. கண்ணில் கட்டோடு பத்து நாள் வீட்டில் கிடந்தால் எல்லாரும் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். என்னண்ணே ஆச்சு என்பார்கள். புரை என்றால், எத்தனை நாளாண்ணே என்பார்கள். அவர்களும் விரல் விட்டு எண்ணுவார்கள். ஐந்து கண்காட்சியில் தோற்றவன் ஒவ்வொருவனும் கையில் ஒரு செத்த சேவலோடு வாசலில் நிற்பான். கட்டு அவிழ்த்து நான் முதன்முதலாகத் தெளிவாகப் பார்க்கப்போவது அதைத்தான் என்று பயம். இதற்கு மஞ்சளே மேல்.

ஐந்தாவது சேவல் மேசையில் நிற்காமல் பறந்து ஒருவன் தோளில் போய் உட்கார்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அதைப் பிடித்துவர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் எனக்குக் கிடைத்த வரம் என்று நினைத்தேன், ஆனால் வரமாக இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் விரலை விட்டுத் தன் சேவலின் கழுத்தைச் சொரிந்துகொடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஐந்தாவதை முடித்தேன், என்ன எழுதினேன் என்று கேட்டால் தெரியாது. ஆறாவது கூண்டின் கதவை அவளே திறந்தாள். மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். “நல்லாருக்கீகளாண்ணே?” என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். “இது அதோட தம்பிண்ணே. முட்டையா இருக்கும்போதே எங்க அக்கா வீட்டுல அட வச்சது. அதான் தப்பிச்சிருச்சு” என்றாள். அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். “மத்ததெல்லாம் நீங்க சொன்னபடி கழிச்சுட்டேன். இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீகன்னா, வச்சுக்கிறதா வேணாமான்னு தெரிஞ்சிரும். பெட்ட ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நீங்க சரின்னாத்தான் சேப்பேன்.” நான் சேவலைத் தொட்டேன். மூக்கு. அதே மூக்கு. கட்டைவிரல் போய் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அண்ணனைவிட ஒரு நூல் தடிப்பு, நுனி உள்ளே மடங்கி, ஐயோ, எவ்வளவு அழகு. சேவல் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது, அதன் முழிகூட எனக்கு மஞ்சளாகத்தான் தெரிந்தது.

வெள்ளை என்று சொல்லிவிட்டால் என்ன. அவ்வளவுதான், முடிந்தது, முதல் பரிசு, அவள் சந்தோஷமாகப் போவாள், மூக்கு பிழைக்கும். நான் ஒன்றைக் கொன்றேன், ஒன்றைக் காப்பாற்றினேன், கணக்கு நேராகிவிடும். நேராகுமா. நிஜமாகவே இது பிறவி மஞ்சளாக இருந்துவிட்டால். அண்ணனும் நிஜமாகவே பிறவி மஞ்சளாக இருந்திருக்கலாம், என் புரையும் அதன் மஞ்சளும் ஒரே நாளில் ஒத்துப்போயிருக்கலாம், அப்படியானால் நான் சொன்னது சரிதான். அப்படி இருக்கட்டும் என்று ஒரு ஆசை வந்தது பாருங்கள், அந்த ஆசையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது, இந்தச் சேவல் மஞ்சளாக இருக்க வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறேன். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்தேன். நிலக்கடலைக்காரர், தோளில் சேவலை வாங்கியவன், இன்னும் எட்டுப் பேர். ஒரு முகத்திலும் ஒன்றும் இல்லை. இந்தச் சேவலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கார்த்திகையில் நடந்தது இவர்களுக்குத் தெரியும், நான் சொல்கிறவரைக்கும் இது வெள்ளையா மஞ்சளா என்று நினைக்கக்கூட மாட்டார்கள் போலிருக்கிறது. இருபது கண் இருக்கிறது இங்கே, நல்ல கண், ஒன்றுகூடப் பார்க்கவில்லை. வெள்ளை என்று சொன்னால் இவர்களுக்கு வெள்ளை. மஞ்சள் என்று சொன்னால் மஞ்சள். அப்படியானால் எப்போதாவது நான் தப்பென்று எவன் சொல்லியிருக்கப் போகிறான். கண் நன்றாக இருந்த காலத்தில்கூட. இந்த நினைப்பு வந்ததும் மற்ற பயமெல்லாம் சின்னதாகிவிட்டது. லியாகத் மைக்கை நீட்டினான். “சொல்லுங்கண்ணே, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு.” மைக்கை வாங்கினேன். அது என் கையில் உஸ் என்றது.

“எனக்குக் கண்ணு தெரியல” என்றேன். தோப்பு முழுக்க அது கேட்டது. லியாகத், “என்னண்ணே, வெளிச்சமா?” என்றான். “வெளிச்சமில்ல. ரெண்டு கண்ணுலயும் பொர. வெள்ளையெல்லாம் எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது. இந்த ஆறும் மஞ்சளாத்தான் தெரியுது. கார்த்திகையிலயும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கு” என்றேன். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எவனோ ஒருவன் ‘அப்ப என்னோடது?’ என்று ஆரம்பித்தான், பக்கத்திலிருந்தவன் அவனை அடக்கினான். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பிலோமினாவைப் பார்த்தேன். கத்துவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், எதற்கும் தயாராகத்தான் நின்றேன். “தங்கச்சி, உன் சேவல நான்தான்...” என்றேன். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். “இல்லண்ணே. அப்படிச் சொல்லாதீக. நீங்க சொன்னது சரிதான். நீங்க சொன்ன மறுநா நான் மாடிக்குக் கொண்டு போயி வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். கழுத்துல மஞ்சள் இருந்துச்சு. நானே பாத்தேன். தாய்க்கோழிகிட்டயும் இருந்துச்சு. குஞ்சுக நாலுலயும் இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டுத்தாண்ணே அறுத்தேன்.” அவள் குரல் போகப் போக மெலிந்தது. வார்த்தையை அவளே கேட்டுக்கொண்டு பேசுகிறவள் மாதிரி கடைசியில் நின்றுவிட்டாள்.

நான் சேவலைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். “எனக்கு நீதான் சொல்லணும்மா. இது என்ன நிறம்?” என்றேன். அவள் வலை ஓரத்துக்குப் போய் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்றாள். கழுத்து இறகை விரலால் பிரித்தாள், ஊதினாள், அடித்தண்டைப் பார்த்தாள், மறுபடி ஊதினாள். சேவல் பொறுமையாக இருந்தது. மூடிவிட்டு இன்னொரு இடத்தில் பிரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். லியாகத் வாய் திறக்கப் போனான், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் நிமிர்ந்து பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தெரியலண்ணே” என்றாள்.